வைத்தியர் கட்டணமும் நீதிமன்ற இணக்கமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டவரை நாலு பேர் லயத்துக்குத் தூக்கி வரும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அவரைக் குணப்படுத்த வேண்டிய வைத்தியர்கள் ஒன்றுகூடி, "இந்தக் கட்டணத்துக்குப் பார்க்கமாட்டோம்" என்று கைவிரித்தால் அவர் கதி யாது? இஃது என் கற்பனையன்று. அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தில், இத்தகைய வழக்கொன்று எழுந்தது.

வேலைத்தலத்தில் காயமுற்றோருக்கு நமது நாட்டில் 1934ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் உண்டல்லவா? ஐடஹோவிலும் அதுபோன்ற ஏற்பாடு உண்டு. அதன்கீழ் வைத்தியருக்குரிய கட்டணத்தை மாநில ஆணைக்குழு நிர்ணயிக்கும். அது போதாதென்று பொய்சி நகரப் பகுதி எலும்பு வைத்தியர்கள் தம்முள் பேசிவைத்து, காயமுற்ற தொழிலாளரில் பெரும்பாலோரைப் பார்க்க மறுத்தனர் என்பது குற்றச்சாட்டு. ஆணைக்குழு பணிந்து கட்டணத்தை உயர்த்தியது. பின்பு ஒரு காப்புறுதி நிறுவனத்தையும் அவ்வாறே நெருக்கினராம். 2010 மே 28இல் மத்திய அரசும் மாநில அரசும் வழக்குத் தொடுத்தன.

"தோட்டத்தில் நாங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்வதில்லையா? வைத்தியர் செய்தால் மட்டும் குற்றமா?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி! கூலிக்கு உழைப்போரின் சங்கத்துக்கு அந்நாட்டின் 1914ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்துள்ளது. சொந்தமாகத் தொழில் நடத்தும் வைத்தியரோ கடைக்காரரைப் போன்றவர். அவர் தனித்து மறுக்கலாம். கூடிப் பேசி மறுக்கலாகாது. அரிசோனா வைத்தியர்கள் இதற்குமேல் வாங்குவதில்லை என உச்ச அளவைத்தான் கூடி விதித்தார்கள். அதையும் 1982இல் உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், சட்டவிரோதம் என்றது.

ஐடஹோ வழக்கு விசாரணைக்கே போகவில்லை, இணக்கத்தில் முடிந்தது. இனிக் கட்டணம்பற்றிக் கூடிப் பேசுவதில்லை, கூடி மறுப்பதில்லை என்று வைத்தியர்கள் ஒப்புக்கொண்டனர். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அபராதமும் இல்லை. வலியோடு காத்திருந்தவனுக்கு ஒரு சதமும் இல்லை. இதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்தைப்போல நாலு பெரியவர்கள் திண்ணையில் பேசி முடித்துவிட அங்கே இடமில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி இணக்கத்தை அச்சிட்டு வெளியிட்டு, 60 நாட்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவேண்டும். பொதுநலனுக்கு உகந்தது என்று கண்டாலே நீதிபதி ஒப்பமிடுவார். பாதிக்கப்பட்டவர் தனியே வழக்கிடவும் தடையில்லை. ஆனால் சாட்சியம் கேட்குமுன் செய்த இணக்கத்தை அவர் ஆதாரமாகக் காட்ட இயலாது. எல்லாவற்றையும் தாமே மெய்ப்பிக்க வேண்டும். ஒடிந்த காலோடு அதற்கு யார் போவார்?

இந்தியா 2023இல் இணக்க முறையைக் கொண்டுவந்தபோது, கூடி விலை பேசுவோருக்கு அந்த வாசலைத் திறக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் போட்டிக்கு விரோதமான செயல்களை விசாரிக்க அதிகாரம் தருகிறது. அச்சட்டத்தைப் படித்து, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.