பாதைக்கும் உரிமை உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பகுதி வாலிபர்கள் வேன் பிடித்துக்கொண்டு மலைகளை நோக்கிப் புறப்படுவதை நாம் காண்கிறோம். இவ்வாறு ஊர் சுற்றுவது மார்க்கத்தில் ஆகுமானதா என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். ஆகுமானதே. பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. செல்லலாமா என்பதல்ல, எவ்வாறு செல்வது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

நம் ஊவாவின் எல்லையோரம், நுவரெலியா மாவட்டத்தில் அமைந்துள்ளது ஹோட்டன் சமவெளி. பட்டிப்பொல வழியாகவும் ஒஹிய வழியாகவும் அங்கே செல்லலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்த அப்புல்வெளியில் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமான ஒரு நடைபாதை உண்டு. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டப் பாதை அது. சிறிய உலக முடிவு, உலக முடிவு ஆகிய இரு பெரும் பாறை விளிம்புகளையும், பேக்கர் நீர்வீழ்ச்சியையும் அப்பாதையில் காணலாம். உலக முடிவில் நிலம் திடீரென அறுந்து, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகின்றது. காலையில் வானம் தெளிந்திருந்தால் கீழே தேயிலைத் தோட்டங்களும், தூரத்தே நீர்த்தேக்கங்களும் தென்படும். பெரும்பாலான நாட்களில் முற்பகல் பத்து மணியளவில் பனிமூட்டம் ஏறி அனைத்தையும் மூடிவிடும்.

நேயர்களே! பாறைகளைக் காணச் சென்றோருக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது முஸ்லிம்களின் படை ஹிஜ்ர் என்னும் பகுதியைக் கடந்தது. பாலைவனப் பாறைகளைக் குடைந்து வீடுகள் அமைத்த ஸமூது கூட்டத்தார் வாழ்ந்து அழிந்த பூமி அது. இன்று சவூதி அரேபியாவின் அல்உலாவுக்கு அருகில் உள்ள அவ்விடத்தை 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஸஹாபாக்கள் அங்குள்ள கிணறுகளில் நீர் இறைத்து மாவும் பிசைந்துவிட்டனர். நபியவர்களோ அந்நீரைக் கொட்டிவிடுமாறும், மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடுமாறும் பணித்தார்கள். அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்றும் தடுத்தார்கள். கண் கண்டதை உள்ளம் உணராமல் ஓர் இடத்தைக் கடந்து செல்லலாகாது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

நமது மலை தண்டனை இறங்கிய இடமன்று. அருள் இறங்கும் இடம். ஆயினும் அங்கும் பாதைக்குரிய உரிமைகள் உண்டு. பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தீங்கு தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் உரைப்பதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் பாதையின் உரிமைகள் என நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். இவற்றை நான் பல முறை குத்பாவில் எடுத்துரைத்திருக்கிறேன். எனினும் அவற்றின் பொருளை நான் கற்றுக்கொண்டது அந்த மலையிலேதான்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது குர்ஆன் மத்ரஸா மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். நுழைவாயிலில் அலுவலர்கள் எமது பைகளைத் திறந்து, உணவு சுற்றியிருந்த லன்ச் ஷீட்டுகளையும் பொலித்தீன் பைகளையும் அகற்றச் சொன்னார்கள். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சற்று எரிச்சலாகவே இருந்தது. அங்கு திரியும் மரைகள் உணவின் வாசனைக்காகப் பொலித்தீனை விழுங்கி, அது வயிற்றில் தங்கி இறந்துபோவதுண்டு எனப் பின்னரே அறிந்தேன். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பாடம் நடத்தியவன், அத்தொல்லையைப் பையில் சுமந்து சென்றிருக்கிறேன்!

உலக முடிவை அடைந்தபோது மூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு மாணவன் நிழற்படத்துக்காகப் பின்னோக்கி நகர்ந்தான். வெண்மூட்டம் பள்ளத்தை நிரப்பி, அங்கும் தரை இருப்பது போன்ற தோற்றத்தைத் தந்தது. குடும்பத்தோடு வந்திருந்த ஒரு சிங்களச் சகோதரர் உரத்துக் கத்தியவாறு பாய்ந்து அவனது கையைப் பிடித்து இழுத்தார். அவன் நின்ற இடத்திலிருந்து விளிம்புக்கு இரண்டு அடிகூட இருக்கவில்லை. பொறுப்பாக வந்த நான் அப்போது எங்கே இருந்தேன்? அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அச்சகோதரருக்கு நன்றி சொல்லவும் எனக்கு வார்த்தை வரவில்லை. அம்மாணவனின் உம்மாவிடம் இதனைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அல்லாஹ் தந்தான், அல்லாஹ்வே காப்பாற்றினான்" என்று மட்டும் கூறினார். அந்த மென்மையே எனக்குப் பெரும் கண்டிப்பாக அமைந்தது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் இட்டுக்கொள்ளாதீர்கள் எனும் கருத்துடைய இறைவசனத்தை ஓதும்போதெல்லாம் அந்த வெண்மூட்டம் என் கண்முன் வருகின்றது.

திரும்பும் வழியில் ஹப்புத்தளைப் பக்கம் தேயிலை மலைகளைக் காண்கிறோம். கொழுந்து பறிக்கும் தாய்மாரை அனுமதியின்றிப் படம் பிடிக்கிறோம். லயன் வாசலில் நின்று உரத்துச் சிரிக்கிறோம். பார்வையைத் தாழ்த்துதல் என்பது கெமராவுக்கும் உரியதன்றோ? நமக்கு இயற்கைக் காட்சியாக இருக்கும் மலை, அவர்களுக்கு வாழ்விடம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது நமது மாவட்டத்தின் மலைகள் சரிந்ததையும் மறந்துவிட வேண்டாம். ஆகவே, அம்மக்களைக் கண்டால் முகமலர்ச்சியோடு வணக்கம் கூறுங்கள், சுகம் விசாரியுங்கள், அவர்களது கடையில் ஒரு தேநீர் அருந்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மலைக்காட்டின் இலைகளிலும் பாசியிலும் மூட்டம் படிந்து, துளித்துளியாக மண்ணில் இறங்கி ஊற்றாகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்தே நீர் செல்கின்றது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விட்டுவிடுமாறு தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆங்கில ஆட்சியாளருக்கு ஆலோசனை வழங்கினார். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையடிக்கப்பட்ட அக்காலத்தில் எஞ்சிய காடு இது. நாம் வீசும் ஒரு போத்தல் கீழே எவரோ ஒருவரின் குடிநீரில் சேரும். இது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எனவே, வாலிபர்களே! ஸுப்ஹுத் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். நடை மூன்று, நான்கு மணித்தியாலங்களுக்குரியது. காலையிலேயே தொடங்கினால் மூட்டத்துக்கு முன் விளிம்பைக் காணலாம், ளுஹரையும் உரிய வேளையில் தொழலாம். பண்டாரவளை, வெலிமடையிலிருந்து செல்வோருக்கு அது கஸ்ருடைய தூரமும் அன்று. மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கம், அதனை உயிர்ப்பியுங்கள். உணவை வாழையிலையிலோ பாத்திரத்திலோ கொண்டு செல்லுங்கள். விளிம்பின் அருகே எவரும் பின்னோக்கி நடக்க வேண்டாம். பொறுப்பாகச் செல்பவர் படம் எடுப்பவராக இருக்க வேண்டாம். பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பவராக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! உனது பூமியில் பணிவோடு நடப்போராக எம்மை ஆக்குவாயாக! எமது பிள்ளைகளைப் பத்திரமாக அவர்களது வீடுகளில் சேர்ப்பாயாக! மலைகளில் வாழும் மக்கள் அனைவரையும் ஆபத்துகளிலிருந்து காப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.