பெயரைக் கேட்கும் முறை

(பத்தாம் ஆண்டு விழாவில் அரும்பாவூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் ஆய்வு முறையியல் பற்றிப் பேசுவது, திருமணப் பந்தலில் வரவுசெலவுக் கணக்கு வாசிப்பதைப் போன்றது என்று சிலர் கருதக்கூடும். முதுகலை வகுப்பில் சமூக மானிடவியல் பயிலும் மாணவரும் அவ்வாறே கருதுகின்றனர். பங்கேற்புக் கூர்நோக்கு, நேர்காணல், வினாநிரல், குடிவழி அட்டவணை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் தாள் அது. ஆயினும் அத்தாளின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மனிதர் வேறொரு மனிதரின் வாசலில் நின்ற வரலாறு உண்டு. அவற்றுள் ஒரு வாசல் தமிழகத்திலேயே, நீலகிரியில் இருக்கிறது.

இங்கிலாந்தின் மருத்துவரும் உளவியலாளருமான ரிவர்ஸ், 1898ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் குழுவினருடன் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றார். ஒருவரின் தாய், தந்தை, உடன்பிறந்தார், கொண்டவர், பிறந்த மக்கள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதிவிட்டால், ஒரு சமூகத்தின் உறவுமுறை, மணமுறை, சொத்துரிமை ஆகியவை தாமே புலப்படும் என்பதை அங்கே கண்டார். இன்று குடிவழி முறை என மாணவர்கள் படிப்பது அதுவே. அம்முறையைக் கையிலேந்தி அவர் 1901-02இல் தோடர்களிடம் வந்தார். வந்தவுடன் முட்டிக்கொண்டார். இறந்த உறவினரின் பெயரைச் சொல்வது தோடரிடம் விலக்கு. முன்னோர் பெயரின்றிக் குடிவழி ஏது? ஆகவே ஒரு குடும்பத்தின் பெயர்களை அக்குடும்பத்தைச் சேராத பிறரிடம், தனிமையில் கேட்டுப் பெற்றார். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிமாரை அறிந்த தமிழர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வாக்காளர் பட்டியல் எழுத வருபவரிடம் பாட்டிக்காகப் பக்கத்து வீட்டார் பெயர் சொன்ன காலமும் இருந்ததன்றோ!

முறை வென்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறைவாகக் காக்கப்பட்ட சடங்குகளை ரிவர்ஸிடம் சொன்னவர்களுள் ஒருவர் நோயுற்றார். ஒருவரின் மனைவி இறந்தார். அயலானிடம் மறைபொருளை வெளியிட்டதால் தெய்வம் சினந்தது என்று தோடர்கள் கொண்டனர். அதன்பின் பலர் வாய் திறக்கத் தயங்கினர். இச்செய்தியை ரிவர்ஸே 1906இல் வெளியான தமது நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். அந்நேர்மை போற்றத்தக்கது. எனினும் நூலின் புகழ் அவருக்கும் அச்சம் தோடருக்கும் ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

1935-38 காலத்தில் அதே மலையில் மொழியறிஞர் எமனோ தங்கினார். ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளரை நம்பினார். எமனோவோ மொழியையே கற்றார். ஆகவே அவர்க்குக் கிட்டியவை பாடல்கள். சாவுக்கும் திருமணத்துக்கும் எருமைக்கும் பாட்டுக் கட்டுகின்ற மக்களின் அப்பாடல்கள் 1971இல் பெருநூலாக வெளிவந்தன. கேள்விப் படிவத்தில் விழாதது பாட்டில் விழும் என்பதற்கு இவ்வவையினர்க்குச் சான்று வேண்டியதில்லை.

பெயரைக் கேட்பது ஒரு சிக்கல் என்றால், எங்கே தங்கிக் கேட்பது என்பது மற்றொன்று. ஆந்திரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அக்கிரகாரத்து வீட்டில் தங்கினார். அவ்வூரை நூலில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதினார். அக்கிரகாரத்தில் தங்கியதாலேயே ஆதிதிராவிடர் தெருவோடு நெருங்கிப் பழகுவது தமக்கு அரிதாயிற்று என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். "தம்பி எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம் ஊர்ப் பெரியவர் கேட்கும் கேள்வியும் ஒரு குடிவழி முறைதான். ஆய்வாளனை ஊர் முதலில் ஆய்ந்துவிடுகிறது. எந்தத் தெருவில் அவனுக்கு எவ்வளவு சொல்வது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

இனி, பச்சைமலை அருகிலுள்ள இவ்வரும்பாவூருக்கு ஒரு முதுகலை மாணவன் களப்பணிக்கு வருவதாகக் கொள்வோம். வாகை, வேம்பு, மா முதலிய மரங்களில் ஒரே கட்டையைக் குடைந்து தெய்வ உருவங்களும் தேர்ச்சிற்பங்களும் ஆக்கும் பட்டறைகள் இங்கே உள்ளன. மாத வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா என்று அவன் வினாநிரலைத் தொடங்கினால் விடை கிடைக்கும், சிற்பம் கிடைக்காது. உளி பிடித்த கைக்கு நடுவில் பேச்சுக் கொடுப்பதே பிழை. ஒரு வாரம் செதுக்குத் துகளைப் பெருக்கிக்கொண்டு இருந்தால், மரத்தின் எந்தப் பக்கத்தை முகமாக்குவது என்று இருவர் வாதிடுவது காதில் விழும். அவ்வாதத்தில் தாள அளவும் இருக்கும், தந்தையின் வழக்கமும் இருக்கும், வாங்க வருபவரின் அவசரமும் இருக்கும். எந்த வினாநிரலும் அவ்வாதத்தை எழுப்பியிராது.

அடுத்து, பெயர். தகவல் தந்தவர்க்குத் தீங்கு நேராதிருக்க ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றுக என்று முறையியல் கற்பிக்கிறது. காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் ஆய்ந்த தஞ்சை ஊரும் கும்பப்பேட்டை என்ற புனைபெயரிலேயே உலகுக்கு அறிமுகம். நிலத் தகராறும் சாதிப் பகையும் எழுதப்படும் இடத்தில் இக்காப்பு இன்றியமையாதது. ஆனால் அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப்பெயரே பொருளின் மதிப்பாகிவிட்ட இடம் இது. இவ்வூரை வேறு பெயரில் எழுதினால் யாரைக் காப்பதாகும்? மேலும், ஊருக்குப் பெயர் கிடைத்தது. உருவைச் செய்த கைக்குக் கிடைத்ததா? கோயிலில் நிற்கும் வாகனத்தில் உபயதாரர் பெயர் பளிச்செனத் தெரியும். செய்தவர் பெயரைத் தேட வேண்டும். ஆய்வேட்டிலும் அவரை 'தகவலாளர் எண் 7' என்று குறித்தால், கோயில் செய்ததையே பல்கலைக்கழகமும் செய்கிறது. தம் கவிதைக்குக் கீழே தம் பெயர் விடுபட்டால் அச்சகத்துக்கே நடந்து செல்லும் கவிஞர்கள் இதை உணர்வார்கள்.

எனவே, பெயரை மாற்றுவதா வைப்பதா என்பதை மாணவன் நூலகத்தில் தீர்மானிக்கலாகாது. பட்டறையில் கேட்க வேண்டும். ஒருவர் தொழில் பற்றிச் சொன்னதற்குப் பெயர் வேண்டும் என்பார்; கடன் பற்றிச் சொன்னதற்கு வேண்டா என்பார். இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்வது உழைப்புத்தான். வழக்கமான ஒப்புதல் படிவத்தில், பெயரை வெளியிடலாம், வெளியிட வேண்டா என இரண்டே கட்டங்கள் இருக்கும். அரும்பாவூருக்கு வரும் மாணவன் மூன்றாவது கட்டம் ஒன்றையும் வரைந்து வருதல் நலம்: தொழில் கற்பித்தவர் பெயரையும் சேர்த்து எழுதுக என்று சொல்ல விரும்புவோர்க்கு.