ஏழரை சென்ட் கூலியும் ஒரு சினிமாவும்



சினிமா பொழுதுபோக்குத்தானே, அதை ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பொழுதுபோக்குத்தான். ஆனால், உழைத்துக் களைத்து உட்காரும் நேரத்தில் நம் காதில் என்ன ஓதப்படுகிறது என்று நாம் கவனிக்க வேண்டாமா?

அமெரிக்காவில் ஒரு கூலிப் போராட்டக் கதை பாட்டும் ஆட்டமுமாக மேடையேறி, பிறகு திரைக்கும் வந்தது. அதன் பெயர் 'பஜாமா கேம்'. 1954 மே 13ந் தேதி நியூயார்க்கில் அரங்கேறிய இந்த இசை நாடகம் 1,063 தடவை நடந்தது. 1957ல் ஜார்ஜ் அபட்டும் ஸ்டான்லி டோனனும் அதைப் படமாக்கினார்கள்.

அயோவா மாநிலத்தில் பஜாமா தைக்கும் ஓர் ஆலை. தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள். மணிக்கு ஏழரை சென்ட் உயர்வு கேட்கிறார்கள். முதலாளி ஹாஸ்லர் மறுக்கிறார். சங்கத்தின் குறைதீர்ப்புக் கமிட்டித் தலைவி பேப். புதிதாக வந்த சூப்பரின்டென்டென்ட் சிட். இருவருக்கும் காதல். வேலையை மந்தப்படுத்தும் போராட்டம் தொடங்குகிறது. பேப் இயந்திரத்தை உதைத்து நிறுத்துகிறாள். காதலனே அவளை வேலையை விட்டு நீக்குகிறான்!

ஏழரை சென்ட் அற்பம் என்று எண்ணாதீர்கள். வாரம் 40 மணி வேலைக்கு அது 3 டாலர். வருஷத்துக்கு 156 டாலர். இருபது வருஷத்தில் 3,120 டாலர். படத்திலும் தொழிலாளர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டுப் பாடுகிறார்கள். தறியில் நிற்பவருக்கும் வயலில் குனிபவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் மெச்சினார். தொழிலாளர்கள் உல்லாசப் பயணம் போகும் காட்சி மேடையைவிடத் திரையில் களைகட்டியது என்றார். பின்னாளில் பெரும் இயக்குநரான பிரான்சின் கோதாரும் விமர்சகராக இருந்த காலத்தில் இதைப் பாராட்டி எழுதினார். பாராட்டு நியாயமானதே. நாடகத்தில் நடித்தவர்களில் பலரே திரையிலும் நடித்தார்கள். தையல் இயந்திரத்தின் வேகமும் கடிகாரத்தின் விரட்டலும் பாட்டாகின்றன. சங்கக் கூட்டமே நடன மேடையாகிறது. தொழிலாளியை மூடனாகவோ முரடனாகவோ காட்டாத படம் இது.

ஆனால் முடிவைப் பாருங்கள். முதலாளியின் இரகசியக் கணக்குப் புத்தகத்தை சிட் தந்திரமாகத் திறந்து பார்க்கிறான். கூலி உயர்வுக்கான தொகையை ஹாஸ்லர் முன்னமே சரக்கின் அடக்க விலையில் சேர்த்து வசூலித்துத் தம் பையில் போட்டுக்கொண்டது தெரிகிறது. நல்ல அம்பலம்! ஆனால் வெற்றி யார் கையால் வருகிறது? அதிகாரியின் கையால். மூலக்கதையை எழுதிய ரிச்சர்ட் பிஸ்ஸல், தம் குடும்பத்தாரின் பஜாமா ஆலையில் அதிகாரியாக இருந்தவர். அவர் தம் நாற்காலியிலிருந்து ஆலையைப் பார்த்தார்.

இந்த நாடகம் அரங்கேறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே நியூயார்க்கில் 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்ற படம் வெளிவந்தது. நியூ மெக்சிகோ துத்தநாகச் சுரங்கத்தில் நடந்த உண்மையான வேலைநிறுத்தக் கதை. 1951ல் கோர்ட்டு தடையுத்தரவு ஆண்களை மறியலிலிருந்து விலக்கியபோது பெண்கள் அந்த இடத்தில் நின்றார்கள். அந்தத் தொழிலாளர்களே படத்தில் நடித்தார்கள். இயக்கிய ஹெர்பர்ட் பைபர்மன், விசாரணைக் கமிட்டிக்குப் பணியாததால் சிறை சென்றவர். கதாநாயகி ரொசௌரா ரெவுவெல்டாஸ் படப்பிடிப்பு முடியுமுன்பே கைது செய்யப்பட்டு மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கா முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க தியேட்டர்களே படத்தைத் திரையிட்டன.

ஒரே நாடு, ஒரே வருஷம், இரண்டு போராட்டக் கதைகள். அதிகாரி தயவால் வெல்லும் கதைக்கு 1,063 காட்சிகள். தொழிலாளர்கள் தம் சொந்தப் பலத்தால் வெல்லும் கதைக்குப் பூட்டிய கதவுகள்! எந்த விமர்சனத்தைவிடவும் இந்த வேறுபாடு நமக்கு அதிகம் கற்பிக்கிறது.

ஆகவே தோழர்களே, 'பஜாமா கேம்' பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், சிரியுங்கள், நல்ல ஆட்டத்துக்குக் கை தட்டுங்கள். படம் முடிந்ததும், வென்றது யார் பலம் என்று பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். நம் ஆலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட எந்தக் காதலனும் வரப்போவதில்லை. அதைத் திறக்கும் சாவி சங்கத்தில்தான் இருக்கிறது.