மாரத்தான் ஊரின் ஆமை ஆஸ்பத்திரி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே நீளும் தீவு வரிசையில் மாரத்தான் என்று ஓர் ஊர். கடலாமைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி அங்கே 1986 முதல் நடக்கிறது. தொடங்கியவர் ரிச்சி மொரெட்டி. மருத்துவர் அல்ல, கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவர். தம்முடைய தங்கும் விடுதியில் வந்த வருமானத்தை இதில் போட்டார். பிறகு பக்கத்திலிருந்த இரவு நடன விடுதியையும் வாங்கி ஆஸ்பத்திரி ஆக்கினார். ஆட்டம் நடந்த இடத்தில் ஆமைக்கு ஆபரேஷன்!

அங்கே நடக்கும் மருத்துவத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஃபைப்ரோபாப்பிலோமா என்பது பேராமைகளை, அதிலும் இளசுகளை, அதிகம் பிடிக்கும் கட்டி நோய். 1938-லேயே அறிவியல் ஏட்டில் பதிவானது. ஹெர்ப்பஸ் வகை வைரஸ் ஒன்றோடு தொடர்புடையது. கழுத்து, துடுப்பின் அடி, கண்ணோரம் என்று மெத்தென்ற தோல் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் காலிஃபிளவர் போலக் கட்டி பூக்கும். பெரும்பாலும் புற்று அல்ல. ஆனால் கண்ணை மறைத்தால் இரை தெரியாது, துடுப்பில் தொங்கினால் நீந்த முடியாது. பட்டினிதான் ஆமையைக் கொல்கிறது.

இந்தக் கட்டிகளை அறுத்தெடுக்கும் லேசர் கத்தியைப் பார்த்து வியப்பவர்கள் அதிகம். வியக்க வேண்டியதுதான். வெட்டும்போதே சிறு ரத்தக் குழாய்களை அது அடைத்துவிடுவதால் ரத்தச் சேதம் குறைவு. விழியை ஒட்டிய கட்டியைச் சுரண்டும்போது மருத்துவரின் கை மயிரிழை பிசகக் கூடாது. கொஞ்சம் ஆழம் போனாலும் பார்வை போய்விடும். ஆமையோ மூச்சை நெடுநேரம் அடக்கும் பிராணி. மயக்கம் தெளிகிற நேரத்திலும் அதற்கு மருத்துவர்கள் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கலையின் பெருமை கத்தியில் இல்லை என்பது என் எண்ணம். எலும்பும் தோலுமாய், ரத்தசோகையோடு, ஓடெல்லாம் கொட்டலசு ஒட்டி வருகிற ஆமையை உடனே மேசையில் ஏற்றினால் தாங்காது. முதலில் நரம்பு வழி திரவம், சத்து மருந்து, தீனி. உடம்பு தேறிய பிறகே அறுவை. அதுவும் கட்டி அதிகமென்றால் பல தவணை. நோயுள்ளவற்றைத் தனித் தொட்டியில் வைக்கிறார்கள். கட்டி மீண்டும் முளைக்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ கட்டி இருப்பது தெரிந்தால் ஆமையை வலியின்றி உயிர்விடச் செய்கிறார்கள். பார்வையாளருக்குச் சங்கடமான விஷயம். என் கணக்கில் இதுவும் வைத்தியத்தின் நேர்மைதான். இரண்டு கண்ணும் போனதைக் கடலில் விடுவதில்லை.

கண் கட்டி திரும்பத் திரும்ப வருவதுதான் பெருந்தலைவலி. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் விட்னி ஆய்வகத்தார் இந்தக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, மனிதரின் தோல் புற்றோடு ஒற்றுமை இருப்பதாக 2018-ல் எழுதினார்கள். அந்தப் புற்றுக்குப் பூசும் ஃபுளோரோயுராசில் மருந்தை அறுவைக்குப் பின் ஆமையின் கண்ணில் இட்டபோது கட்டி திரும்புவது குறைந்தது.

குறையும் உண்டு. கட்டியை எடுத்தாலும் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதாகச் சொல்ல முடியாது. கழிவும் உரமும் கலக்கும் ஆழமில்லாத கரையோர நீரில்தான் நோய் அதிகம் தென்படுகிறது. ஃபுளோரிடாவின் இந்தியன் ரிவர் என்னும் காயலில் பிடிபடும் பேராமைகளில் ஏறக்குறைய பாதிக்குக் கட்டி இருந்திருக்கிறது. தண்ணீரைத் திருத்துவது ஆஸ்பத்திரியின் கையில் இல்லை. தேறியதைப் பெரும்பாலும் பிடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அப்போது அடையாள எண்ணுள்ள சில்லு ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். பிறகு அந்த ஆமை யாரிடமாவது அகப்பட்டால், கட்டி மறுபடி வந்ததா என்பது அந்த எண்ணை வைத்துத்தான் தெரியவரும்.