காற்றைக் குடிக்கும் பாசி

சிதறால் மலைக்கு ஏறியிருக்கிறீர்களா? சமணர் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அங்குள்ள பாறைகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், வட்ட வட்டமாக ஏதோ படர்ந்திருக்கும். கறை இல்லை அது, உயிர். நாம் மசாலாவில் சேர்க்கிற கல்பாசிக்கு உறவுக்காரன்.

இந்தப் பாசிக்கு வேர் கிடையாது. பெரும்பாலும் காற்றையும் மழையையும் நம்பித்தான் வாழ்கிறது. மூடாமல் வைத்த உப்பு ஈரத்தை இழுக்கும் அல்லவா, அப்படி. காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளும்.

கொடைக்கானலில் அதுதான் நடந்தது. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் காற்றில் கலந்தது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. பிறகு அறிவியலாளர்கள் ஏரி நீரைச் சோதித்தார்கள். மீனைச் சோதித்தார்கள். மரங்களில் படரும் இது போன்ற பாசியையும் சோதித்தார்கள். பாசியிலும் பாதரசம்!

பாதரசம் மக்காது. இலையில் படியும். மண்ணுக்குப் போகும். மழையோடு ஓடைக்குப் போகும், மீனுக்குப் போகும். ஆலையை ஒட்டிய சரிவில்தான் பாம்பார் சோலைக் காடு.

ஆலை ஓடியது இருபது ஆண்டுகூட இல்லை. மூடி இருபது ஆண்டு ஆன பிறகும் அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை முடியவில்லை. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகச் சொன்ன ஆலைத் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததே 2016-ல்தான். அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. சோலைக்காக யார் போய்க் கையெழுத்துப் போடுவது?