“பாவம், அவர் எப்படி வருவார்?”

ஷிஃப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் முன்னுரை இல்லாமல் தொடங்குகிறேன்.

1975 ஜனவரி. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த ஓர் இன்ஜினியரிங் மாணவர் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இதே பெங்களூருக்கு வந்தார். தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் சொல்பேச்சுக் கேட்கவில்லை. எஸ். ராமகிருஷ்ணன் என்று பெயர். ராணுவ மருத்துவமனையில் அவருக்குத் தெம்பூட்டிய டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981இல் தன் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஓலைக்கொட்டகையில் சில பிள்ளைகளோடு ஆரம்பித்த வேலை அது. பிறகு தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த ஆடிட்டர் சங்கரராமன் வந்து தோள் கொடுத்தார். இன்று அங்கே பள்ளி இருக்கிறது, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது, சுற்றுக் கிராமங்களுக்கு வீடு தேடிப் போகிற பணியாளர்கள் இருக்கிறார்கள். 2020இல் அரசு ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது.

விருதை விடுங்கள். படுக்கையில் இருந்த அந்த இளைஞனை ஆய்க்குடி என்ன செய்தது என்பதைப் பாருங்கள். அவரை நம்பித் தன் பிள்ளைகளை அனுப்பியது. நாலு பேர் அவரைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் பிறந்தது. பரிதாபம் பார்க்க வருகிற கூட்டம் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். காரியத்துக்காக வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இப்போது நம்ம சந்தாபுராவுக்கு வருவோம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று சுற்றிலும் தொழிற்சாலை. நடுவே ஓசூர் ரோடு. சாரத்திலிருந்து விழுகிறவர், பிரஸ் மெஷினில் கை போனவர், நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரியில் அடிபட்டவர் என்று நமக்குத் தெரியாத ஆளா? தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் ஆட்கள்தான். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஐம்பது பேர் நிற்கிறோம். ரத்தம் கொடுக்கிறோம், வசூல் பண்ணித் தருகிறோம். அதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருஷம் கழித்து அதே தெருவில் ஒரு கல்யாணம். பத்திரிகைப் பட்டியல் எழுதும்போது அடிபட்டவர் பெயர் வருகிறது. யாரோ ஒருவர் சொல்கிறார்: “பாவம், அவர் எப்படி வருவார்? வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க.” இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம் அடிபட்டவரைத் தெருவை விட்டே எடுத்துவிட்டது.

சரி, எப்படித்தான் வருவார்? அதையும் பேசிவிடுவோம். ஒரு சாதாரண சக்கர நாற்காலி இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். நம் வாடகை வீட்டு பாத்ரூம் கதவு இரண்டடி. முடிந்தது கதை! மாடி வீடென்றால் கேட்கவே வேண்டாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் சிறுநீர் தானாகப் போகாது. பலர் நாலு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டு எடுக்க வேண்டும். விசேஷத்துக்குப் போனால் அதற்கு ஓர் இடம் வேண்டும். அது இல்லையென்றால், முதல் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், அல்லது “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிடுவார்கள். உடம்பு சரியாகத்தான் இருக்கும். மண்டபம்தான் சரியில்லை.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இதை முன்பே புரிந்துகொண்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966இல் வேலூரில் அதற்கென்றே தனி மையம் எழுந்தது. அங்கிருந்து வீடு திரும்பிய பழைய நோயாளிகளை வருஷாவருஷம் அழைத்து ரீஹேப் மேளா நடத்துகிறார்கள். அங்கே விளையாட்டு உண்டு, பாட்டு உண்டு, “நீ புண் வராமல் எப்படிச் சமாளிக்கிறாய்?” என்கிற பேச்சு உண்டு. டாக்டர் பத்து தடவை சொன்னாலும் ஏறாதது, அதே அடி பட்ட இன்னொருவர் ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும்.

“மாரியப்பன் தங்கவேலு தங்கம் வாங்கலையா?” என்று கேட்பீர்கள். ஐந்து வயதில் பஸ் ஏறிய காலோடு சேலத்திலிருந்து இந்தப் பெங்களூருக்கு வந்து, பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் பழகி, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டினார். எனக்கும் பெருமைதான். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதற்கு ஒருவர் பதக்கம் வாங்கி வர வேண்டியதில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடத்தில் சரிவுப்பாதை கேட்பதைச் சலுகையாக வைக்கவில்லை, உரிமையாக வைத்திருக்கிறது. இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளிக்கு, வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும் 2010 திருத்தத்துக்குப் பிறகு கணக்கில் வரும். இது தெரியாமல் விட்டவர்கள் நிறைய. கட்டட வேலைக்காரர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். மஞ்சள் வழி மெட்ரோ 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடுகிறது. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. வீட்டிலிருந்து அந்த லிஃப்ட் வரைக்கும் போகிற நடைபாதைதான் இல்லை. அதை நகராட்சியிடம் நாம் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும்.

இனி நம் கையில் இருப்பது. சீட்டுக் கணக்கு எழுத ஆள் வேண்டுமா? பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தமிழ் எழுத்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? பொங்கல் விழா வசூலுக்கு போனில் பேச ஆள் வேண்டுமா? அடிபட்டு வீட்டுக்குள் இருக்கிற அவரிடம் கொடுங்கள். தப்புப் பண்ணினால் மற்றவரைக் கேட்பது போலவே கேளுங்கள்.

கடைசியாக ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று. இந்த மேடைக்கு மூன்று படி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். படிக்கு ஆறடி வீதம் பதினெட்டு அடிச் சரிவு போதும். பொம்மசந்திராவில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று செய்துவிடுங்கள், என் பங்கை இப்போதே தருகிறேன். அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் தேட நீங்கள் வெளியூர் போக வேண்டாம். நம் தெருவிலேயே வீட்டுக்குள் இருக்கிறார். நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள்.