ஹர்கேசா: ஒருவர் கட்டியதும் ஊர் கூடிக் கட்ட வேண்டியதும்



ஒரு நகரத்தின் பொதுச் சேவைகளை யார் நடத்த வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி. அரசாங்கமா, தனியாரா, மக்களா என்று பொதுவாகவே பேசிக்கொண்டு போகலாம். நான் ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு பதில் தேட விரும்புகிறேன். சோமாலியாவின் வடமேற்கில், சோமாலிலாந்து என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பகுதியின் தலைநகரம் அது. பெயர் ஹர்கேசா.

சோமாலியா என்றதும் நமக்குப் பஞ்சமும் கடற்கொள்ளையும்தான் நினைவுக்கு வரும். ஹர்கேசாவின் கதை வேறு. பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், 1941ஆம் ஆண்டு, தலைநகரம் பெர்பெரா துறைமுகத்திலிருந்து இங்கே மாற்றப்பட்டது. 1960 ஜூன் 26ஆம் நாள் விடுதலை கிடைத்தது. ஐந்தே நாளில், ஜூலை முதல் தேதி, இத்தாலியர் நிர்வாகத்தில் இருந்த தென்பகுதியோடு இணைந்து ஒரே நாடானது. தலைமை மொகடிஷுவுக்குப் போயிற்று. 1969இல் சியாட் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார்.

அந்த ஆட்சியில் நடந்த ஒரு சம்பவத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஹர்கேசாவின் அரசு மருத்துவமனை கேட்பாரற்றுக் கிடந்தது. இளம் மருத்துவர்களும் ஆசிரியர்களும் தொழில் வல்லுநர்களும் ஒன்று கூடினார்கள். தாங்களே துப்புரவு செய்தார்கள், பழுது பார்த்தார்கள், ஊராரிடம் பணம் திரட்டினார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? 1981 இறுதியில் அவர்களைக் கைது செய்யத் தொடங்கியது. மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் ஆதன் அபோகோரும் அவர்களில் ஒருவர். அவர்களுடைய வழக்கு 1982 பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தபோது மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர்கள் 1989இல்தான் வெளியே வந்தார்கள். மக்கள் தாமாகக் கூடி ஒரு நல்ல காரியம் செய்வதையே அந்த ஆட்சி கண்டு அஞ்சியது.

1988 மே மாத இறுதியில் கிளர்ச்சிப் படையினர் நகருக்குள் நுழைந்தபோது, அரசு தன் சொந்த நகரத்தின் மீதே குண்டு பொழிந்தது. ஹர்கேசாவின் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானங்களே ஹர்கேசாவைத் தாக்கின. நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. லட்சக்கணக்கானோர் நடந்தே எத்தியோப்பிய எல்லையைக் கடந்தார்கள். அப்படிப்பட்ட போர் விமானம் ஒன்றை இன்றும் நகரின் நடுவே நினைவுச் சின்னமாக உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

1991 மே 18ஆம் நாள் சோமாலிலாந்து தனி நாடென்று அறிவித்துக்கொண்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உறுப்பு நாடு எதுவும் அதை ஏற்கவில்லை. அங்கீகாரம் இல்லாத நாட்டுக்கு அனைத்துலக வங்கிகள் கடன் தருவதில்லை. கூரையற்ற சுவர்களுக்கும் கண்ணிவெடிகளுக்கும் இடையே திரும்பி வந்த மக்கள், வெளிநாட்டிலிருந்த உறவினர் அனுப்பிய பணத்தை வைத்தே வீடு கட்டினார்கள்.

பொதுச் சேவைகளும் அப்படியே வளர்ந்தன. வட்டாரத்துக்கு ஒரு வணிகர் மின்னாக்கி இயந்திரம் வைத்து, அக்கம் பக்கத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் விற்றார். தொலைபேசியைத் தனியார் நிறுவனங்கள் கொண்டு வந்தன. 2009இல் தொடங்கிய 'ஸாட்' சேவையால், தெருவோரக் கடைக்காரருக்கும் கைத்தொலைபேசி வழியே பணம் செலுத்தும் வழக்கம் பரவிற்று.

எட்னா ஆதன் அம்மையாரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஹர்கேசாவில் மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்து, லண்டனில் தாதிமைப் பயிற்சி பெற்று, உலகச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றியவர். ஓய்வு பெற்ற வயதில் ஊர் திரும்பி, தன் உடைமைகளை விற்று, குப்பை கொட்டிய நிலத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனை கட்டினார். 2002 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பேறுகாலத் தாதியரை அது உருவாக்கியிருக்கிறது. 2023இல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்தது.

பார்த்தீர்களா, அரசு பெரிதாக இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். 1970களில் சீனர்களின் உதவியோடு, நகருக்கு வடக்கே கீட் தீப்ளே என்னுமிடத்தில் கிணறுகள் தோண்டி, குழாய் பதித்தார்கள். அன்றைய சிறிய நகரத்துக்காகப் போட்ட திட்டம் அது. மக்கள்தொகை பல மடங்கு பெருகிய பின்னும் நகரம் அதையே நம்பியிருந்தது. பின்னர் வெளிநாட்டு உதவியோடு சீரமைப்பு வேலைகள் நடந்தாலும் தேவைக்கு எட்டவில்லை. குழாய் எட்டாத வீடுகளுக்குத் தண்ணீர் லாரியிலும் கழுதை வண்டியிலும் வருகிறது. வண்டித் தண்ணீரின் விலை குழாய்த் தண்ணீரைவிட அதிகம். ஆக, ஏழைதான் ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதலாகக் கொடுக்கிறான். கைத்தொலைபேசிக்கு ஒரு கோபுரம் நட்டால் போதும். தண்ணீருக்கோ மலையும் ஓடையும் தாண்டிக் குழாய் பதிக்க வேண்டும். அந்தச் செலவை எந்த ஒரு வணிகரும் தனியாகச் சுமக்க முன்வருவதில்லை.

இரண்டாவது தீ. 2022 ஏப்ரல் முதல் தேதி இரவு, நோன்பு மாதம் பிறக்கும் வேளையில், வாஹீன் சந்தை தீப்பற்றியது. நகரின் உயிர்நாடியான சந்தை அது. கடைகள் நெருக்கியடித்து நின்றதால் தீயணைப்பு வண்டிகள் உள்ளே நுழையத் திணறின. விடிவதற்குள் ஏறத்தாழ 2,000 கடைகள் எரிந்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள். தள்ளுவண்டி வைத்துப் பிழைத்த பெண்கள் ஒரே இரவில் முதலை இழந்தார்கள். ஒவ்வொரு கடையும் ஒருவரின் உழைப்பு. ஆனால் கடைகளுக்கு நடுவே வண்டி போக வழிவிட்டு வைப்பது யாருடைய வேலை? அதைச் செய்ய வேண்டியது நகராண்மைக் கழகம். அந்த அதிகாரமும், அதை மதிக்கும் மக்களும் சேர்ந்தால்தான் வழி இருக்கும்.

நேயர்களே, அன்று மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்கியவர்களைச் சிறையில் தள்ளிய அரசு நகரத்தையே அழித்தது. மக்கள் கை மட்டும் போதும் என்று விட்டபோது, குழாயும் தீயணைப்பு வழியும் இல்லாமல் போயின. மருத்துவமனையை ஓர் எட்னா ஆதன் கட்டலாம். குடிநீரையும் சாலையையும் ஊர் முழுவதும் வரி கொடுத்து, கணக்குக் கேட்டு, சேர்ந்துதான் கட்ட வேண்டும். 2002 டிசம்பரில் ஹர்கேசா மக்கள் முதன்முதலாகத் தங்கள் நகர மன்றத்துக்கு வாக்களித்தார்கள். கணக்குக் கேட்கும் உரிமை அன்றே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. தண்ணீருக்கும் தெருவுக்கும் அதைப் பயன்படுத்துவதில்தான் அந்நகரத்தின் எதிர்காலம் இருக்கிறது.